இன்ஜினுக்கு முன்னால் செருப்பை விடவும்

அத்தியாயம் 6

ரயில் வராத ஊரில் ரயில் மியூசியம் வைப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். லக்ஷ்மிநாராயணனுக்கு அது இருந்தது. அவர் மனை விற்கிறவர்.

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், கல் நட்டுப் பிரித்த நூற்றிருபது மனைகளுக்கு நடுவே, ஒரு கரி இன்ஜினையும் இரண்டு பழைய பெட்டிகளையும் லாரியில் கொண்டுவந்து இறக்கி, சக்கரத்துக்கு சிமெண்ட் போட்டு நிறுத்தியிருந்தார். வாசல் வளைவில் கொட்டை எழுத்து: ‘ரயில் நகர். ரயில் வசதியுடன் வீட்டுமனைகள்.’

“இது மோசடி இல்லையா மாமா?” என்றாள் துர்காதேவி.

“இன்னா மோசடி? ரயில் கீதுன்னான். கீது. எங்க போவும்னு எவனாவது சொன்னானா பாப்பா?” என்றார் தாமோதரன்.

துர்காதேவிக்கு இருபத்தேழு வயது. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. மீதி கால்வாசி, அந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்ட பிறகு வருகிற விசாரணை. தாமோதரன் அவளுடைய தாய்மாமன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நிறுவனத்துக்கு வேறு வண்டி இல்லாததால் அசிஸ்டென்ட் பதவி அவருக்குப் போட்டியில்லாமல் கிடைத்தது.

இன்றைக்குக் கேஸ் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. அம்மா முனியம்மாவுக்குத் திருப்போரூர் முருகனிடம் ஒரு வேண்டுதல் இருந்தது. அதை முடித்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரையைப் பார்க்கப் போகும் வழியில், ரயில் மியூசியப் பலகையைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தச் சொன்னதும் முனியம்மாதான்.

“நம்ம வூட்டுக்குப் பின்னாலயே நாள் பூரா ரயில் போவுது. அதத் திரும்பிப் பாத்திருக்கியா நீ?” என்று கேட்டாள் துர்கா.

“அது போய்கினே கீது. பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்க வுடுமா?”

நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

இன்ஜினின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. குங்குமம் வைத்த இரும்பை நம் ஜனம் சும்மா விட்டுவிட்டுப் போகுமா? யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டிருக்கிறார். அடுத்தவர் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். கொஞ்ச நாளில் இன்ஜின் சாமியாகிவிட்டது. சாமி வந்தால் செருப்பு ஸ்டாண்டும் வரும். வந்துவிட்டது. காலையில் மியூசியத்தைப் பெருக்குகிற தனகோடி, பத்து மணிக்கு மேல் இன்ஜினுக்குப் பக்கத்தில் எண் எழுதிய மரத்தட்டு போட்டு உட்கார்ந்துகொள்வாள். ‘இன்ஜினுக்கு முன்னால் செருப்பை விடவும்’ என்று அட்டைகூட எழுதி வைத்திருந்தாள்.

“ரயில் இன்ஜினுக்கு நான் ஷூவைக் கழட்டணுமா? முடியாது,” என்றாள் துர்கா.

“உனுக்கு மாப்ள கெடைக்கணும்னா இரும்பு சாமிதாண்டி வேணும்,” என்றபடி முனியம்மா செருப்பை ஒப்படைத்துவிட்டு, பர்ஸின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, சூடான ஜல்லியில் துள்ளித்துள்ளி இன்ஜினைச் சுற்றப் போனாள்.

அவள் இரண்டாவது சுற்றில் இருந்தபோதுதான் பெட்டிக்குள்ளிருந்து அந்த அலறல் வந்தது.

“போச்சு! என் ஆன்டிக் டேப்லெட் போச்சு!”

லக்ஷ்மிநாராயணனின் குரல். துர்கா இரண்டே தாவலில் பெட்டிக்குள் ஏறினாள். தாமோதரன் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

பெட்டிக்குள் வரிசையாகக் கண்ணாடிப் பேழைகள். பச்சை விளக்கு, சிவப்புக் கொடி, டிக்கெட்டில் தேதி குத்துகிற மெஷின். நடுப் பேழை மட்டும் காலி. பூட்டு உடையவில்லை. பூட்டியே இருந்தது. பக்கத்தில் ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சீட்டு: ‘ரயில் பாதை டோக்கன். பாலூர் – வாலாஜாபாத். எண் 17.’

பேழைக்கு அருகில் சீருடைப் புடவையில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அழவில்லை. ஆனால் கையில் துடைக்கிற துணியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

“இவதான் சாராள். இங்க அட்டெண்டர். சாவி எங்க தொங்குதுன்னு இவளுக்குத்தான் தெரியும். வேற யாரு எடுப்பா?” என்றார் லக்ஷ்மிநாராயணன், கேட்காமலேயே.

“ஆணியில தொங்குற சாவி எனக்கே தெரியுது. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு உள்ள வந்து,” என்றாள் துர்கா.

“நீங்க யாரு?”

“துர்காதேவி. பிரைவேட் டிடெக்டிவ், செங்கல்பட்டு.”

“ஓ, கல்யாண விசாரணையா?”

துர்காவின் பற்கள் கடிபட்ட சத்தம் தாமோதரனுக்குக் கேட்டது. “அண்ணாத்த, பாத்துப் பேசு. போன மாசம் ஒரு மாப்ள இதையேதான் கேட்டாரு. இன்னும் பொண்ணு கெடைக்கல அவருக்கு,” என்றார்.

துர்கா சாராளின் பக்கம் திரும்பினாள். “காணாமப் போனது என்ன? நீங்க சொல்லுங்க.”

சாராள் துணியைக் கீழே வைத்தாள். “டோக்கன், மேடம். பித்தளையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு. சார் அதை டேப்லெட்னு சொல்வாரு. அந்தக் காலத்துல ஒத்தைத் தண்டவாளம். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வண்டி வந்துட்டா மோதிக்கும் இல்லையா? அதனால டோக்கன் யார் கையில இருக்கோ அந்த டிரைவர்தான் வண்டியை எடுக்கணும். மத்தவங்க நிக்கணும். ஞானதாஸ்னு ஒரு ரிட்டயர்ட் ஸ்டேஷன் மாஸ்டர் அய்யா இதை வெச்சிருந்தாரு. காட்சிக்கு வைக்க நேத்து சாயந்திரம்தான் கொடுத்தனுப்பினாரு. இன்னைக்கு நாலு மணிக்குக் குடும்பத்தோட பார்க்க வராரு.”

“நாலு மணிக்குள்ள டேப்லெட் இங்க இருக்கணும். இல்லன்னா போலீஸ்ல இவ பேரை எழுதிக் குடுத்துடுவேன்,” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

சாராள் அவரைப் பார்க்கவில்லை. துர்காவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: “மேடம், மூணாவது தடவை எழுதி ரயில்வேல பாஸாயிருக்கேன். டிராக் வேலை. அடுத்த மாசம் போலீஸ் வெரிஃபிகேஷன். என் பேருல ஒரு திருட்டுக் கேஸ் விழுந்தா, அதோட முடிஞ்சுது.”

துர்கா மணியைப் பார்த்தாள். இரண்டு பத்து.

“மாமா, வண்டியை எடுங்க.”

“எங்க பாப்பா?”

“தெரியல. முதல்ல எடுத்து வைங்க.”

“கைரேகை எடுக்க வேணாமா?”

“அந்தக் கண்ணாடியைப் பாருங்க.”

தாமோதரன் பார்த்தார். “ஆமா. ஆதார் கேம்ப் மாதிரி ஊரே கைய வெச்சு கீது.”

அதற்குள் வாட்ச்மேன் எல்லோருடைய பையையும் குடைந்து பார்த்துவிட்டான். துப்பறிகிறவளின் குடும்பம் என்பதால் முனியம்மாவின் பர்ஸை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டான். துர்கா வெளியே வந்து தனகோடியிடம் கேட்டாள்:

“காலையிலேர்ந்து சந்தேகமா யாராவது வந்தாங்களா?”

“நான் காலத்தான் பாப்பேன்மா. மூஞ்சிய பாக்கறது இல்ல,” என்றாள் தனகோடி.

துப்பு கடைசியில் சாராளிடமிருந்துதான் வந்தது. பன்னிரண்டரை மணிக்கு, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் இதே பேழையை மறைத்தபடி நின்று போனில் கிசுகிசுத்திருக்கிறார். சாராள் அதை வார்த்தை மாறாமல் சொன்னாள்: “டோக்கன் முடிஞ்சுது மச்சான். கையிலதான் இருக்கு. வூட்ல மூச்சு வுடாத. இப்ப முட்டுக்காடு போறோம், போட்ல ஒரு ரவுண்டு.”

துர்காவின் கண்கள் மின்னின. “வூட்ல மூச்சு விடாதே! போதும். அம்மா, ஏறு!”

“துர்கா, என் செருப்பு…”

“அம்மா, ஒருத்தி வாழ்க்கை போகப்போகுது. நீ செருப்பைப் பத்திப் பேசுற!”

“இல்லடி, அது…”

“கேஸ் நேரத்துல பேசாத!”

முனியம்மா வெறுங்காலோடு ஆட்டோவில் ஏற்றப்பட்டாள்.

*

கேளம்பாக்கம் வரை ஆட்டோ ஓடியது. அதன் பிறகு பறந்தது. கோவளத்தில் திரும்பி கடற்கரைச் சாலையில் ஏறியபோது தாமோதரன் முன்னால் போன மூன்று கார்களைத் தாண்டினார்.

“மாமா, நாம உயிரோட போகணும்.”

“ஷேர் ஆட்டோல நடுவுல ஆள் ஏத்தாம ஓட்றது இதான் மொத தடவ பாப்பா. வண்டிக்கே சந்தோஷம் தாங்கல.”

“ஏண்டி, அந்தப் பொம்பள என் செருப்ப வேற யாருக்காவது குடுத்துட்டா?” என்றாள் முனியம்மா பின்னாலிருந்து.

“அம்மா!”

“சரி சரி. பேசல.”

முட்டுக்காடு படகுத் துறையில் ஞாயிறு கூட்டம். ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. ஆரஞ்சுக்குக் கீழே கட்டம் போட்ட சட்டையைத் தேடுவது சுலபமாக இல்லை. தாமோதரன் சுலபமாக்கினார். துறையின் நடுவில் நின்று கத்தினார்:

“ரயில் நகர்ல டோக்கன் வுட்டுட்டுப் போனது யாருப்பா?”

வரிசையில் ஒருவர் சட்டென்று பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். மிதவைச் சட்டையின் காலரில் கட்டம் எட்டிப் பார்த்தது.

அடுத்த வினாடி துர்கா அவர் முன்னால் இருந்தாள். “பேரு?”

“கலையரசன். செய்யூர்.”

“டோக்கனை எடுங்க.”

கலையரசனின் முகம் வெளிறியது. அவர் துர்காவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த மனைவியைத்தான் பார்த்தார். “மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் போயிப் பேசலாமா? கெஞ்சிக் கேக்கறேன்.”

“இங்கயே எடுங்க!”

அவர் எடுத்தது பித்தளை அல்ல. நாலாக மடித்த காகிதம். துர்கா பிரித்தாள். ‘ரயில் நகர். மனை எண் 64. டோக்கன் அட்வான்ஸ் பெற்றுக்கொள்ளப்பட்டது.’

துர்கா அதை இரண்டு முறை படித்தாள். மனை வியாபாரத்தில் முன்பணத்துக்குப் பெயரும் டோக்கன்தான் என்பது, இரண்டு பட்டம் வாங்கிய அவளுக்கு அந்தக் கணம் வரை ஞாபகம் வரவில்லை.

கலையரசனின் மனைவிக்குப் படிக்க ஒரு தடவை போதுமாயிருந்தது.

“ரயில் காட்டறேன்னு கூட்டிகினு வந்து மனை வாங்கினியா?”

“இல்லம்மா, உனுக்கு சர்ப்ரைஸா…”

“என்னக் கேட்டியா? எங்கப்பாவக் கேட்டியா? அந்த முள்ளுக்காட்ல யாரு குடியிருப்பா?”

“ரயில் வசதி கீதுன்னாங்கம்மா!”

“கீது அண்ணாத்த. சக்கரத்துக்கு சிமெண்ட் போட்டு வெச்சு கீது,” என்றார் தாமோதரன் உதவியாக.

படகு வந்தது. கலையரசனின் மனைவி குழந்தையோடு ஏறிக்கொண்டாள். கலையரசன் கரையில் விடப்பட்டார்.

*

மணி மூன்று ஐந்து. ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. துர்கா நெற்றியைக் கையில் தாங்கியிருந்தாள். சாராள் துணியை முறுக்கிய கை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

“வுடு பாப்பா. உன் தப்பு இல்ல,” என்றார் தாமோதரன் கண்ணாடியில் பார்த்தபடி. “இந்த டோக்கன்ற வார்த்தைதான் பேஜாரு. ரேஷன் கடைக்குப் போனா டோக்கன். ஆஸ்பத்திரிக்குப் போனா டோக்கன். பேங்குல டோக்கன். பரோட்டா வாங்கப் போனாலும் டோக்கன்.”

துர்கா வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். பேழை பூட்டியிருந்தது. சாவி ஆணிக்குத் திரும்பியிருந்தது.

“மாமா, திருடன் திருடின பிறகு பூட்டிட்டுப் போவானா?”

“எவன் போவான்? துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடுவான்.”

“எடுத்துட்டு, பொறுப்பா பூட்டி, சாவியை மாட்டிட்டுப் போனது யாரு? அவசரமே இல்லாத ஆள். பயமே இல்லாத ஆள். தன் சாமானைத் தானே எடுத்துட்டுப் போற ஆள்!”

“தன் சாமானா? அது ஸ்டேஷன் மாஸ்டர் சாமானாச்சே.”

“அது நமக்குத் தெரியும். எடுத்தவங்களுக்குத் தெரியணுமே? சீட்டுல என்ன எழுதியிருந்தது? டோக்கன். எண் பதினேழு.” துர்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அந்த வளாகத்துக்குள்ள டோக்கன் வெச்சு வேலை செய்யறது வேற யாரு?”

பிறகு துர்கா மிக மெதுவாகப் பின்பக்கம் திரும்பினாள்.

“அம்மா.”

“பேசலாமா இப்ப?”

“பேசு.”

“என் செருப்பு அங்க கீது. டோக்கன் எங்கிட்ட கீது. அதத்தான் ரெண்டு மணியிலேர்ந்து சொல்லிகினு கீறேன். கத்தற.”

“பர்ஸைத் திற.”

முனியம்மா ஜிப்பை இழுத்தாள். திருநீற்றுப் பொட்டலம், முருகன் படம், பாதி எலுமிச்சம்பழம். அதற்கெல்லாம் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு மின்னியது. விளிம்பில் வளைவாக, ஒரு பக்கம் பாலூர், மறுபக்கம் வாலாஜாபாத். நடுவில் 17.

ஆட்டோ தானாகவே ஓரம் கட்டி நின்றது.

“பாப்பா,” என்றார் தாமோதரன் கம்மிய குரலில், “திருட்டு சாமான ஆட்டோல போட்டுகினு, திருடனத் தொரத்திகினு, நாப்பது நிமிஷம் போயிருக்கோம்.”

“யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சொன்னா நம்புவாங்களா?”

“செருப்புக்கு இத்தாம் பெரிய டோக்கன் குடுக்கறாங்களேன்னு நெனச்சேன். தங்கமா வேற மின்னுச்சு. நல்ல மரியாதைன்னு வெச்சிகினேன்,” என்றாள் முனியம்மா.

*

ரயில் நகர் வளைவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. இன்ஜின் அருகில் சின்னக் கூட்டம். வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், மனைவி, மகள், பேரப்பிள்ளைகளுடன் நின்றிருந்தார். அவர்தான் ஞானதாஸ். லக்ஷ்மிநாராயணன் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். சாராள் தனியாக, பெட்டியின் படியில்.

“போலீசுக்குச் சொல்லியாச்சு. ஆள் வருது,” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

“வரட்டும். அம்மா, காட்டு,” என்றாள் துர்கா.

முனியம்மா காட்டினாள். ஞானதாஸ் கையைத் தூக்கி ‘அதுதான்!’ என்றார். லக்ஷ்மிநாராயணனின் வாய் ஒரு முறை திறந்து மூடியது. இரண்டாவது முறை திறந்தபோது வார்த்தை வந்தது.

“உங்கம்மாவா? டிடெக்டிவ்னு சொல்லிகிட்டு மகள் முன்னால வருவா, அம்மா பின்னால எடுப்பாளா? குடும்பத் தொழிலா?”

“வாய அளந்து பேசுய்யா!” முனியம்மா வெறுங்காலோடு இரண்டடி முன்னால் வந்தாள். “முருகனக் கும்புட்டுட்டு வந்தவ நானு.”

“தனகோடியம்மா,” என்று கூப்பிட்டாள் துர்கா. “உங்க தட்டுல பதினேழாம் இடத்துல யார் செருப்பு இருக்கு?”

தனகோடி குனிந்து பார்த்தாள். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. “இதோ, இந்தம்மாது.”

“அவங்களுக்கு இந்த டோக்கனைக் கொடுத்தது யாரு?”

“நாந்தான். என் டோக்கன நான் குடுக்காம யாரு குடுப்பா?” தனகோடி மடியிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்துக் காட்டினாள். பழைய பாத்திரக் கடையில் வாங்கிய பித்தளை வில்லைகள், நம்பர் அடித்தவை. பதினைந்து, பதினாறு, பதினெட்டு. “ஒரு மாசமா என் பதினேழக் காணோம். எவளோ செருப்ப வாங்கிகினு டோக்கனையும் எடுத்துகினு போயிட்டான்னு நெனச்சேன். இன்னிக்கிக் காலைல உள்ள பெருக்கப் போறேன், என் பதினேழு கண்ணாடிப் பொட்டிக்குள்ள ராஜா மாதிரி குந்திகினு கீது! ‘டோக்கன்’னு பேரு வேற எழுதி வெச்சு கீறாங்க. சரி, எவனோ கண்டெடுத்து பத்திரமா வெச்சிருக்கான், நல்ல மனுஷன்னு நெனச்சிகினு எடுத்துகினேன். பூட்டிட்டுதான வந்தேன்?”

“கொஞ்சம் பெருசா இருக்கேன்னு தோணலியா?” என்றாள் துர்கா.

“தோணுச்சு. புதுசா பண்ணிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நான் ரெண்டு மணி நேரமா கத்துறேனே, டேப்லெட் காணோம் டேப்லெட் காணோம்னு! உன் காதுல விழலியா?” லக்ஷ்மிநாராயணனின் குரல் உடைந்தது.

“வுழுந்துச்சே. பி.பி. மாத்திரையத் தொலைச்சிட்டீங்கன்னு நெனச்சேன். அப்படிக் கத்தினா மாத்திரை போட்டாலும் கொறையாது சார்.”

ஞானதாஸின் பேரப்பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு ஞானதாஸ். பிறகு எல்லோரும். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை: லக்ஷ்மிநாராயணன், சாராள்.

“சரி, கிடைச்சுதில்ல. விடுங்க,” என்று லக்ஷ்மிநாராயணன் கையை நீட்டினார். “குடும்மா இப்படி.”

முனியம்மா கொடுக்கப் போனாள். துர்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எதை விடறது? போலீசுக்கு யார் பேரைச் சொன்னீங்க?”

“அது… சாராள்னு சொன்னேன். வந்தா இல்லைன்னு சொல்லிடறேன்.”

“வாயால சொன்னதுக்கு வெரிஃபிகேஷன்ல மதிப்பு இல்ல. எழுதிக் குடுங்க. திருட்டு எதுவும் நடக்கலன்னு, இந்தப் பெண் மேல சந்தேகம் சொன்னது தப்புன்னு, கையெழுத்து போட்டுக் குடுங்க. அப்புறம்தான் டோக்கன்.”

“என் மியூசியத்துல நின்னுகிட்டு எனக்கே கண்டிஷனா? சார், நீங்களே சொல்லுங்க,” என்று ஞானதாஸிடம் முறையிட்டார்.

ஞானதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார்.

“முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன்ல இருந்தேன் சார். ஒரே ஒரு விதிதான். டோக்கன் யார் கையில இருக்கோ, லைன் அவங்களுது. மத்தவங்க சிக்னல்ல நிக்க வேண்டியதுதான். இப்ப டோக்கன் அந்தம்மா கையில இருக்கு. நீங்க நில்லுங்க.”

முனியம்மாவுக்கு விதி உடனே பிடித்துவிட்டது. தகட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். “எழுதுய்யா!”

லக்ஷ்மிநாராயணன் மனை விற்கிற மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொண்டுவந்தார். துர்கா வாங்குவதற்குள் சாராள் படியிலிருந்து இறங்கி வந்து அதை வாங்கினாள். படித்தாள்.

“சார், ‘திருடு போன பொருள் மீட்கப்பட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. திருடே போகல.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா.”

“இல்ல சார். படிக்கிறவருக்கு ரெண்டும் வேற.”

“குடுத்துடட்டுமா?” என்று கேட்டாள் முனியம்மா.

“கை வலிச்சா இடது கைக்கு மாத்திக்கோ. கீழ எறக்காத,” என்றார் தாமோதரன்.

இரண்டாவது கடிதம் வந்தது. சாராள் படித்தாள். “இனிஷியல் போடுங்க சார். எஸ். சாராள். ஹால் டிக்கெட்ல அப்படித்தான் இருக்கு. பேரு ஒரு எழுத்து மாறினாலும் ஒத்துக்க மாட்டாங்க.”

“ஒரு எழுத்துக்காகவா இன்னொரு தாள்?”

“ஆமா சார்.”

அவள் குரல் உயரவே இல்லை. துர்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். இங்கே அவள் கத்தத் தேவையில்லை என்பது அவளுக்குப் புதுசாக இருந்தது.

மூன்றாவது கடிதத்தில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, இனிஷியல் இருந்தது, ரயில் நகரின் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தது. சாராள் அதை இரண்டு முறை படித்தாள். மடிக்கவில்லை. முனியம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

முனியம்மா டோக்கனை லக்ஷ்மிநாராயணனின் நீட்டிய கையைத் தாண்டி ஞானதாஸிடம் கொடுத்தாள். தனகோடி நீல வார் செருப்பை எடுத்து முனியம்மாவின் காலடியில் போட்டாள்.

பைக் சத்தம் கேட்டது. ஒரு கான்ஸ்டபிள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கூட்டத்தையும் குங்குமம் வைத்த இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார்.

“திருட்டுக் கம்ப்ளெய்ண்ட் யாரு குடுத்தது? யாரு மேல?”

லக்ஷ்மிநாராயணன் தொண்டையைச் செருமினார். அதற்குள் சாராள் நடந்து போய்விட்டாள். கடிதத்தை கான்ஸ்டபிளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“யார் மேலயும் இல்ல சார். படிச்சுப் பாருங்க. ஒரு காப்பி ஸ்டேஷன்லயும் வெச்சுக்கணும்.”

கான்ஸ்டபிள் படித்தார். நிமிர்ந்தார். “நீங்க யாரும்மா?”

“எஸ். சாராள். ரயில்வே.”

கான்ஸ்டபிள் அவளுக்குப் பின்னால் சிமெண்டில் நின்ற இன்ஜினை ஒரு முறை பார்த்தார். “இந்த ரயில்வேயா?”

“இல்ல சார்,” என்றாள் சாராள். “ஓடுற ரயில்வே.”